விரிசலுக்கு நான் வைத்த காவல்

ஈரக் கம்பளி அடுப்புச் சூட்டில் காயும்போது எழும் நெடிதான் நான் ஐந்தாம் ஆண்டு படித்த அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் "காம்பரா"வில் நிறைந்திருந்தது. இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள் வரிசையாய் ஒட்டிய பழைய லயத்தில், கடைசிக்கு முந்திய ஒற்றை அறையில், அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையான தம்பி என நாலு பேரும் இருந்தோம்.

வெயிலைக் கண்டு பதினொரு நாளாகியிருந்தபோதுதான், லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, என் விரல் நுழையுமளவுக்கு நிலம் பிளந்திருந்ததைக் கண்டேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, வேலையை மேற்பார்க்கும் "கண்டாக்கையா"விடம் சொன்னார், அவர் தோட்டத்துத் துரையிடம் சொல்வதாகச் சொன்னார், யாரும் வரவில்லை. அம்மாவோ, "ஆத்தா பாத்துக்குவா, நீ போய்ப் படி புள்ள" என்றாள். மாரியம்மனை நாங்கள் ஆத்தா என்றுதான் சொல்வோம். அந்த ஒரு வாக்கியம் எனக்கு மூட்டிய எரிச்சலை இன்றும் சொல்லி முடிக்க முடியாது. பார்த்துக்கொள்கிறவள் ஏன் அதைப் பிளக்கவிட்டாள்?

ஆகவே நானே பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். பிளவின் இருபுறமும் குச்சி நட்டு, பள்ளிக்கூட அடிமட்டத்தால் காலையும் மாலையும் இடைவெளியை அளந்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். கூடியிருந்தால் மறுபடி அளப்பேன். கூடாவிட்டால் தப்பாக அளந்துவிட்டேனோ என்று அப்போதும் அளப்பேன். நான் அளக்காத நாளில்தான் மலை இறங்கும் என்று எப்படியோ நம்பிவிட்டதால் காய்ச்சலோடும் போனேன். மற்றவர்கள் சிரித்தார்கள், கடைசிக் காம்பராவில் இருந்த தேவியக்கா மட்டும் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். "நீ சொல்லு பாப்பா, நான் மொத ஆளா ஓடிருவேன்" என்பாள்.

ஒரு சாயங்காலம் அம்மாவைத் தேடிக் கோயிலுக்குப் போனேன். உள்ளே யாரோடோ சண்டை போடுவதுபோல் அவள் குரல் கேட்டது. "வாயத் தொறந்து சொல்லேன் ஆத்தா! இருக்கவா, போகவா? கைப்புள்ளய வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?" வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்ல மாட்டேங்குறா. கேக்குறதயும் விட முடியல" என்றாள். அம்மாவுக்கும் தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அது ஆறுதலாக இல்லை. பயம் இரண்டு மடங்காயிற்று.

அதற்கு நாலாம் நாள் மழை விட்டு, வெயிலடித்தது. நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன், தம்பியை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு அம்மா கொழுந்தெடுக்கப் போனாள், அப்பாவும் வேலைக்காட்டில். காலை பத்து மணியளவில் மலை இறங்கியது. நான் காவலிருந்த மேட்டிலிருந்து அல்ல; லயத்தின் கோடியில், யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஓடைச் சரிவிலிருந்து. எங்களுடையதும் சேர்த்துக் கடைசி மூன்று காம்பராக்களும் மண்ணுக்குள் போயின. காய்ச்சல் என்று அன்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்த தேவியக்காவும் போனாள். அடுத்த நாள் ஓடிப்போய்ப் பார்த்தேன். என் விரிசல் நேற்றைய அளவிலேயே இருந்தது, குச்சிகள் இரண்டும் நட்டது நட்டபடி நின்றன. பிடுங்கி எறிந்தேன்.

எங்களைத் தங்கவைத்த பள்ளிக்கூட மண்டபத்தில், வந்தவர்களெல்லாம் அம்மாவிடம், "ஆத்தா ஒங்க குடும்பத்தக் காப்பாத்திட்டா" என்றார்கள். எத்தனையாவது தடவையோ அதைக் கேட்டபோது, "அப்ப தேவியக்காவ?" என்று கத்திவிட்டேன். அடி விழும் என்று நின்றேன். தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "அதத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். மறுநாள் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். நான் பல வருடம் போகவில்லை.

அந்த லயம் இப்போது இல்லை. எஞ்சிய காம்பராக்களையும் இடித்துவிட்டார்கள். மானாப் புல் வளர்ந்து, எது யார் வாசல் என்று சொல்ல முடியாமல் கிடக்கிறது. தேவியக்காவின் புருசன் கொழும்புக்குப் போனவர் திரும்பவில்லை. ஆறு மாதத்துக்கு என்று கொடுத்த தகரக் கொட்டிலில் நாங்கள் நாலு பேரும் ஏழு வருடம் இருந்தோம். அதன் பிறகுதான் எதிர்மலையில் ஒரு சின்ன வீடு கிடைத்தது.

நான் ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்க்கிறேன், அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இம்சைப்படுத்துகிறேன். போன மழைக்கும் அப்படித்தான். "பையக் கட்டி வாசல்ல வச்சிட்டேன், ஆத்தாவுக்கு வெளக்கையும் ஏத்திட்டேன். இன்னும் என்னா செய்யச் சொல்ற?" என்று அலுத்துக்கொண்டாள்.

எனக்குப் பை கட்டத்தான் வருகிறது. விளக்கேற்றப் போனால் கோபம் வருகிறது. சில நாள் அந்தக் கோபத்தோடேயே ஏற்றுகிறேன்.