தண்டவாளத்து இடைவெளியில் ஒரு பிரபஞ்சம்

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறதாம். போன மாதம் ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்றைக்குப் போனது என் நிம்மதி.

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே... பல்லி கத்தினால் பஞ்சாங்கம் தேடுகிற ஆசாமி. பிரபஞ்சமே விரிகிறது என்றால் சும்மா இருப்பேனா? முதல் வேலையாக டேப்பை எடுத்து இடுப்பை அளந்தேன். பொங்கலுக்கு இருந்ததைவிட இரண்டு அங்குலம் கூடுதல்!

"புஷ்பம், இதுக்கு நான் காரணமில்லை. பிரபஞ்சம்!" என்றேன்.

என் மனைவி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்படியா? அளந்த டேப்பு மட்டும் ஏங்க விரியாம அப்படியே இருக்கு?"

பதில் தெரியாத விஷயத்தைப் புத்திசாலி என்ன செய்வான்? வாயை மூடிக்கொள்வான். நானோ அதைப் பற்றி மேடையில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரில் எங்கள் படிப்பகம். தகரக் கூரை, ஏழெட்டு பெஞ்சு, இரண்டு தினசரி. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு யாராவது ஒருவர் பேசுவார். ஹார்பர், ரயில்வே, ஃபாக்டரி என்று வாரம் முழுக்க உடம்பை முறித்தவர்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். போன ஞாயிறு என் முறை.

பேச்சுக்குப் பத்து நிமிஷம் முன்னால் படிப்பகத் தலைவர் என்னை ஓரமாக அழைத்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

"சார், இங்க வர்றவங்க லேபர். இவங்களுக்கு எதுக்கு பிரபஞ்சம்? குடும்பக் கட்டுப்பாடு, சுகாதாரம்னு யூஸ்ஃபுல்லா ஏதாவது பேசக்கூடாதா?"

"நோட்டீஸ் ஒட்டியாச்சே சார்..."

"சரி, இன்னிக்குப் பேசிடுங்க. ஆனா அவங்களுக்குப் புரியலைன்னா இந்த மாதிரி சப்ஜெக்டுக்கு இனிமே இங்க இடம் கிடையாது. கமிட்டியில தீர்மானமே போட்டுடுவேன்."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது.

மேடை ஏறினேன். சட்டைப் பையிலிருந்து சிவப்பு பலூன் ஒன்றை எடுத்தேன். அதில் மையால் புள்ளிகள் வைத்திருந்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திரக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, மூச்சைப் பிடித்து ஊதினேன். "பாருங்கள்... ஒன்றைவிட்டு ஒன்று விலகுகிறதா?"

முன் பெஞ்சில் அந்தோணி. ரயில்வேயில் கீமேன். தினமும் காலையில் தோளில் சுத்தியலோடு தண்டவாளம் நெடுக நடந்து, தளர்ந்த ஆப்புகளை அடித்து இறுக்குகிறவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலூனைப் பார்த்தார்.

"இன்னா நைனா, புள்ளியும் சேர்ந்து ஊதிகினு போவுதே? அப்போ நானும் ஊதிகினு கீறேனா?"

சிரிப்பு. எது விரியும், எது விரியாது என்ற என் மனைவியின் டேப் கேள்வியேதான்!

அவர் விடவில்லை. "இன்னொண்ணு. விரியுதுன்னா சூடு ஏறுதுன்னு அர்த்தம். மே மாசத்துல தண்டவாளம் நீளும். அத்தொட்டுதான் ஒரு தண்டவாளத் துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவுல கேப்பு வுட்டுகீறோம். கேப்பு பத்தலைன்னா லைனே பாம்பு மாதிரி நெளிஞ்சிடும். இந்தப் பிரபஞ்சமும் ஒரு நாளு நெளிஞ்சிடுமா?"

தண்டவாளம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். பலூன் கைநழுவி, 'புர்ர்ர்' என்று தலைவரின் காதோரம் பறந்து போய் விழுந்தது. பின்பக்கக் கதவு எத்தனை அடி தூரம் என்று மனதுக்குள் அளந்தேன்.

தலைவர் எழுந்தார். "பார்த்தீங்களா சார்? நான் அப்பவே சொன்னேன், இவங்களுக்குப் புரியாதுன்னு."

அந்த 'இவங்களுக்கு' என்ற வார்த்தைதான் என்னைக் கதவுப் பக்கம் போகவிடாமல் நிறுத்தியது.

"உட்காருங்க சார்! புரியாம இருந்தது எனக்கு. அவர் சரியாத்தான் கேட்கிறார்," என்றேன். "அந்தோணி அண்ணே, பலூனை மறந்துடுங்க. உங்க லைனுக்கே வாங்க. தண்டவாளம் நீளவே இல்லை, அதே அளவுதான். நடுவுல இருக்கிற கேப் மட்டும் பெரிசாகிட்டே போகுதுன்னு வைங்க. நீங்க, நான், இந்தத் தகரக் கூரை, பூமி, சூரியன், நம்ம நட்சத்திரக் கூட்டம் எல்லாம் தன்னைத்தானே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதனால விரியாது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல இருக்கிற கேப்தான் விரியுது."

அந்தோணி தாடையைச் சொறிந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"தண்டவாளம் அப்டியே கீது. கேப்பு மட்டும் பெருசாவுது..." சட்டென்று தொடையில் தட்டினார். "மார்கழி காலைல அப்டித்தான் நைனா ஆவும்! அப்போ சூடு இல்ல, குளிரு! பிரபஞ்சம் குளிர்ந்துகினு கீது!"

ஐயா வாசகர்களே, நான் படித்த புத்தகத்திலும் அதுதான் இருந்தது. ஆதியில் தாங்க முடியாத சூடு. விரிய விரியக் குளிர்ந்துவிட்டது. அந்தப் பழைய சூட்டின் மிச்சம் இன்றைக்கும் வானத்தில் எல்லாப் பக்கமும் லேசாக இருக்கிறதாம். மார்கழியில் தண்டவாளம் சுருங்குவதால்தான் கேப் பெரிதாகிறது. வானத்தில் எதுவும் சுருங்கவில்லை. அந்தோணி போன வழி தப்பு, இறங்கிய ஸ்டேஷன் சரி! அதையும் மேடையிலேயே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

தலைவர் லேசில் விடுகிறவரா? "எல்லாம் சரி. விரியுதுன்னா அதுக்கு சென்டர்னு ஒண்ணு இருக்கணுமே? அது எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணி திரும்பினார். "தலீவரே, முடிவே இல்லாத லைனுன்னு வெச்சிக்கோ. நான் எந்த ஜாயிண்டாண்ட நின்னாலும் ரெண்டு பக்கமும் கேப்பு பெருசாவுது. எர்ணாவூரு ஜாயிண்டுல நின்னாலும் அதே கதி, ராயபுரத்து ஜாயிண்டுல நின்னாலும் அதே கதி. இதுல எது நடுவு, நீயே சொல்லு?"

தலைவர் கைக்குட்டையை எடுத்தார். இந்த முறை துடைத்தது நாற்காலியை அல்ல.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. யூஸ்ஃபுல்லாம்! நிலாவுக்குப் போய் மண் அள்ளிக்கொண்டு வந்தார்களே... மூட்டை தூக்குகிறவன் தலைக்கு மேல் வேறு நிலாவா காய்கிறது? ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினால் அண்ணாந்து பார்க்கக் கூடாதா? பிரபஞ்சத்துக்கே நடு இல்லை, ஓரமும் இல்லை. பிறகு எங்களை மட்டும் ஓரத்தில் உட்காரச் சொல்ல இவர் யார்?

கூட்டம் முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. தலைவர் நோட்டைப் பிரித்தார். தீர்மானத்துக்கு என்று வைத்திருந்த பக்கத்தைப் பார்த்தார், பெஞ்சுகளைப் பார்த்தார், பேனாவை மூடினார். "வர்ற ஞாயிறும் நீங்களே பேசிடுங்க. என்ன தலைப்பு?"

நான் பதில் சொல்வதற்கு முன் அந்தோணி சொன்னார்: "இதெல்லாம் விரியறதுக்கு முன்னாடி இன்னா இருந்துச்சுன்னு!"

அதற்குப் பதில் எனக்குத் தெரியாது. என் புத்தகத்துக்கும் தெரியவில்லை. தெரியாது என்பதையே ஒரு மணி நேரம் பேசுவேன், பந்தயமா?

நம் ஊரில் ரேடியோ பெட்டிக்குத்தான் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும்... கேள்விக்கு வேண்டாம்!