விளக்குத் தேய்த்த தண்ணீர்

உங்கள் முற்றத்து மழைநீர் வடிகாலின் இரும்புக் கிராதிக்குள் ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? குணவதியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கையைப் பிடித்து ஓடைக்கே இழுத்துப் போய்விடுவார்.

சனிக்கிழமை காலை. நாம் குடியேறி வாழும் ஹில்ஸ்பரோவின் சரிவில் ஓடும் சிற்றோடையில், ரப்பர் பூட்ஸ் அணிந்து குனிந்து நிற்கிறார். போத்தலை ஓடைத் தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுத்தான் நிரப்புவார். இருபது ஆண்டு ஆய்வுகூட வேலை தந்த பழக்கம். விருந்துக்குப் போன வீட்டிலும், தேநீர் ஊற்றுமுன் கோப்பையை வாங்கிக் குழாயடியில் மூன்று முறை அலசுவார். "குறை நினையாதேங்கோ, கை கேக்குதில்லை" என்பார். குறை நினைக்கத்தான் செய்வார்கள்.

ஓடையில் விலாங்குகள் உண்டு. "என்ர ஆக்கள்" என்பார். இந்தக் குளிர்காலத்தில் சனிக்கிழமைகளில் மட்டும், போத்தலில் போட்ட சோதனைத் தூள் தண்ணீரை ஊதாவாக்கியது. ஊதா என்றால் தண்ணீரில் செம்பு. நாம் குடித்தால் ஒன்றும் செய்யாத அளவுகூட மீனின் செவுளுக்கு நஞ்சு.

ஓடைக்கு மேலே, சரிவில், பழனிவேலின் கார் பட்டறை. பிரேக் தேய்மானத்தில் செம்பு இருக்கும். குணவதி பழனிவேலின் பெயரைக் குறித்தே நகரசபைக்கு எழுதிப் போட்டார். அதிகாரிகள் வந்து பட்டறையைக் கிளறினார்கள்; ஊர் பேசியது. எண்ணெய் படிந்த கைகளைச் சந்தேகிப்பது நமக்கு எவ்வளவு எளிது!

பழனிவேல் கோபப்படவில்லை. "சனிக்கிழமை நான் கடையே தொறக்கிறதில்லீங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை பட்டறை பூட்டிக் கிடந்தது. ஆனாலும் போத்தல் தண்ணீர் ஊதாவானது. குணவதி பட்டறையைத் தாண்டி, ஒவ்வொரு கிராதியாகப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினார். கடைசிக் கிராதி, நம் தமிழர்கள் பூசைக்குக் கூடும் மண்டபத்துடையது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஏற்றிய பித்தளைக் குத்துவிளக்குகளை, மண்டபத்தில் உதவும் வித்தியாவும் கிருசாந்தியும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை அதற்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கோ அக்கா, நீங்கள் சொன்ன புளிதான். பளபளக்குது!" என்றாள் கிருசாந்தி.

ஆம், அவர் சொன்னதுதான். "கடைப் பொலிஷ் கெமிக்கல், அதை விடுங்கோ. புளி இயற்கை" என்று குளிர்காலத் தொடக்கத்தில் மாற்றியவரே அவர். இயற்கை என்ற சொல்லுக்கு மயங்காத படிப்பு எது? புளியின் அமிலம்தான் பித்தளையிலுள்ள செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து ஓடைக்கு அனுப்பியது.

அன்றே மண்டபச் செயலாளர் சோதிலிங்கத்திடம் சொன்னார். இனி அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும்.

"சாமி விளக்குக் கழுவின தண்ணியைக் கக்கூஸ் தண்ணியோடயோ விடுறது?"

"அப்ப மீன்ர வாய்க்குள்ளயோ விடுறது?"

"உங்கட புளிதானே அக்கா?"

"ஓம், என்ர புளி. என்ர பிழை. நகரசபைக்கும் அப்பிடித்தான் எழுதப் போறன்."

"மண்டபத்தின்ர பேர் கெட்டிடும்."

"பழனிவேலின்ர பேர் கெடேக்க ஒருத்தரும் அழேல்லையே தம்பி."

எழுதினார். திங்கட்கிழமை பட்டறைக்கும் போனார். நானும் கூடப் போனேன். "பிழை விட்டுட்டன் தம்பி" என்றார். பழனிவேல் கையைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல டீ குடிங்கக்கா" என்று விளிம்பில் கிரீஸ் விரல்தடம் பதிந்த கோப்பையில் ஊற்றி நீட்டினார். பக்கத்திலேயே குழாய் இருந்தது. குணவதி அதைப் பார்த்தார். பிறகு கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கி, அப்படியே குடித்தார்.

அடுத்த முறை விளக்குத் தேய்த்ததும், வாளியோடு கிராதிப் பக்கம் போகாதீர்கள். உள்ளே திரும்புங்கள்.