ரோபோ படிக்கக் கேட்ட பிள்ளை

ஓய்வுபெற்ற பொறியியலாளன் என்பதால் வங்காலையில் என் சொல்லுக்கு மதிப்பு அதிகம். பக்கத்து வீட்டு மீனவர் சூசை ஒருநாள் மகளை அழைத்து வந்தார். ரோபோக்கள் பற்றிப் படிக்க அவளுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது.

“இதைப் படிச்சால் என்ன வேலை எடுக்கலாம், ஐயா?” என்று கேட்டாள்.

தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, கடலடி ஆய்வு என்று பல வழிகள் எனக்குத் தெரியும். ஆனால் அதே இடத்துக்கு இரண்டு முறை முயன்று தோற்றவன் என் பேரன். அவளுடைய சிரித்த முகத்தைப் பார்க்கவே வயிறு எரிந்தது.

“இஞ்ச ஒரு வேலையும் இல்லை பிள்ளை. வேற ஏதும் பார்.”

ஞாயிறு பூசை முடிந்ததும் சூசை பெரிய விளைமீனோடு வந்தார். உதவியவர் வீட்டுக்குக் கறிக்கு நல்ல மீன் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம்.

“பிள்ளையை மறிச்சுப்போட்டன் ஐயா. அழுதுகொண்டு கிடக்கிறாள். நீங்கள் சொல்லாட்டி வீணா அனுப்பியிருப்பன்.”

மீனை வாங்க எனக்குக் கை நீளவில்லை.

“சூசை, நான் பொய் சொன்னனான். பேரனுக்குக் கிடைக்கேல்லை எண்ட எரிச்சல்.”

அவர் என்னைத் திட்டவில்லை. “அப்ப, படிச்சால் வேலை கிடைக்குமோ?” என்றார்.

“ஓம்.”

மீனையும் தூக்கிக்கொண்டு மகளிடம் ஓடினார். பொய்யன் என்று தெரிந்த பிறகும் அவர் என்னிடம்தான் கேட்டார். அதுதான் என்னை இன்றும் சுடுகிறது.