இரண்டாவது குவார்ட்டர்பேக்கின் அம்மா

தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் தெருவைக் கடந்து வந்து, "யுவர் பாய் ஹாஸ் ஹாப்பி ஃபீட்" என்றார். மகிழ்ச்சியான கால்கள்! ரிச்சர்ட்சனில் நாங்கள் குடியிருக்கும் இத்தனை வருடங்களில் புல்வெட்டுவதையும் குப்பைத் தொட்டியையும் தவிர வேறெதைப் பற்றியும் அவர் என்னிடம் பேசியதில்லை. பூரித்துப்போய் "தேங்க் யூ சோ மச்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்று மாலை கவினுக்குத் தோசை வைத்துக்கொண்டே, "எதிர்வீட்டு அங்கிள் உன் காலப் பத்தி நல்லாச் சொன்னாருடா கண்ணு" என்றேன். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அம்மா, தட்ஸ் நாட் எ காம்ப்ளிமென்ட்."

பயத்தில் ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கிற குவார்ட்டர்பேக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்களாம். பள்ளியிலும் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்களாம்.

ஊரில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இவர்கள் ஃபுட்பால் என்பது நம் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, மோதுகிற ஆட்டம். அதில் பந்தை வாங்கி, யாருக்கு எறிவதென்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுப்பவன் குவார்ட்டர்பேக். அவன் யோசிக்கும்போதே எதிரணியின் தடியான பையன்கள் அவனை வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். கவின் அவனுடைய பள்ளி அணியில் இரண்டாவது குவார்ட்டர்பேக். மைதான ஓரத்தில் நிற்பதுதான் அவன் வேலை. சீருடை அழுக்காகாமல் திரும்பி வரும். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. செப்டம்பரில் முதல் ஆட்டக்காரன் டைலருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுவாரமே கவின் உள்ளே போனான். அந்த ஆட்டத்தில் எதிரணியின் கையிலேயே மூன்று முறை பந்தை எறிந்தான்.

"பேசாம விட்டுட்டு காலேஜுக்கான எஸ்.ஏ.டி. பரீட்சைக்குப் படிக்கச் சொல்லு. இதெல்லாம் நம்மளுக்கு எதுக்கு?" என்றார் என் கணவர் செந்தில். கவின் ஷூ லேசைக் கட்டிக்கொண்டே, "தேர் இஸ் நோபடி எல்ஸ், அப்பா" என்றான். அவர்களிடம் வேறு ஆளில்லை என்பது உண்மைதான். ஆனால் அவன் குரலில் பெருமை இல்லை. மாட்டிக்கொண்டவனின் குரல் அது.

பெருந்துறையில் நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியட் அட்டவணையில் மட்டும் இருக்கும். பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்கு டீச்சர் அதை எடுத்துக்கொண்டார், யாரும் ஏனென்று கேட்கவில்லை. எங்களுக்குத் தோல்வி என்பது மார்க் ஷீட்டில் வரும். அதை வீட்டுக்குள் வைத்து அழுதுகொள்ளலாம். இங்கே என் பிள்ளை பேண்டு வாத்தியம் முழங்க, ஊரே பார்க்க, வெள்ளிக்கிழமை தோறும் தோற்க வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்தால் நிலைகொள்ளாத கால்கள் அவனுக்கு மட்டுமா? கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். இங்கே வீடு பார்க்கப் போய்விட்டு வந்த அன்றே ஈரோட்டில் மனை விலை விசாரிக்கிறோம். எங்கள் வீட்டில் யார் ஊன்றி நின்றார்கள், அவன் கற்றுக்கொள்ள?

அடுத்த ஆட்டத்துக்குச் செந்திலால் வர முடியவில்லை, ஆபீஸில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ். நான் தனியாகப் போனேன். கேலரியில் ஒரு பெண்மணி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்து, "ஐ'ம் டெனிஸ், டைலர்ஸ் மாம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மகனின் இடத்தில்தான் என் மகன் நிற்கிறான். மன்னிப்புக் கேட்பதா, நலம் விசாரிப்பதா என்று புரியாமல் இரண்டையும் சேர்த்து, "சாரி, ஹவ் இஸ் ஹி?" என்றேன். "போர்ட்" என்று சிரித்தாள். வீட்டில் அடைந்து கிடக்கச் சலிப்பாக இருக்கிறதாம்.

கவினின் கால்கள் அன்றும் நிற்கவில்லை. பந்து கைக்கு வந்ததும் இடமும் வலமும் தத்தளித்தான், விழுந்தான். பின்வரிசையில் ஒருவர், "கெட் தட் கிட் அவுட்!" என்று கத்தினார். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் சில்லறை தராத கண்டக்டரை ஒரு கை பார்த்தவள் நான். இங்கே ஒரு வாக்கியம்கூட வாயில் வரவில்லை. டெனிஸ்தான் எழுந்து திரும்பி, "ஹி இஸ் சிக்ஸ்டீன். சிட் டவுன்" என்றாள். அவர் உட்கார்ந்தார். எனக்கு நன்றியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

மூன்றாவது கால் பகுதியில் இரண்டு பேர் ஒன்றாக அவன்மேல் மோதினார்கள். கவின் எழுந்திருக்கவில்லை. நான் "ஐயோ, சாமி" என்று அலறிக்கொண்டு படியிறங்க ஓடினேன். டெனிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "டோன்ட். கிவ் ஹிம் எ மினிட்." போன மாதம் இதே படியில் நின்று தன் மகன் எழுவானா என்று பார்த்திருந்தவள் அவள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அவன் மெல்ல எழுந்தான். ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு வரிசைக்குப் போனான். பந்து வந்தது. இந்த முறை நகரவில்லை. இனி விழ என்ன இருக்கிறது என்பதுபோல இரண்டு காலையும் ஊன்றி நின்றான். அவர்கள் பாய்ந்து வந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூச்சல் கேட்டுத் திறந்தபோது பந்து தூரத்தில், தொட்டால் புள்ளிகள் கிடைக்கும் எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால், எங்கள் பையன் ஒருவனின் நெஞ்சில் இருந்தது. டெனிஸ் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

ஆனாலும் தோற்றோம், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்.

ஆட்டம் முடிந்ததும் பேண்டு பள்ளிப் பாடலை வாசிக்கத் தொடங்கியது. எல்லோரும் எழுந்து வலது கையை உயர்த்தினார்கள். டெனிஸைப் பார்த்து நானும் உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்து பெருந்துறையிலிருந்து என் தங்கை சுதா வீடியோ காலில் வந்தாள். அங்கே சனிக்கிழமை காலை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, எல்லாரும் கையத் தூக்கிட்டு நிக்கறாங்க? ஜெயிச்சாச்சா?"

"இல்ல புள்ள, தோத்துட்டோம்."

"தோத்ததுக்கா பாட்டு?"

"கவினக் காட்டு, கவினக் காட்டு" என்றாள். இடது கையில் போனை உயர்த்தி மைதானத்தின் பக்கம் திருப்பினேன். மண்ணும் புல்லுமாக, மற்ற பையன்களின் தோளில் கைபோட்டுக்கொண்டு அவன் பாடிக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை விடாமல். எனக்கு அந்தப் பாட்டில் ஒரு வரியும் தெரியாது. வலது கை அவர்களோடு உயர்ந்திருந்தது, இடது கையில் சுதா "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வலித்தன. எதையும் இறக்க முடியாமல் நின்றேன்.