வயர்லெஸ்ஸில் கூடிய அன்பியம்

தெக்லாவை அன்பியத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தபோது அவள் அந்த இடத்திலேயே இல்லை. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்ததென்று அடுக்களைக்குள் ஓடியவள் திரும்பி வருவதற்குள் எல்லோரும் கைதட்டி முடித்திருந்தார்கள்.

“யாருக்குளா கைதட்டுதிய?” என்று கேட்டாள்.

“உங்களுக்குத்தான் மதினி. இனிமே நீங்கதான் தலைவி,” என்றாள் எதிர்வீட்டு ஜெயஷீலா.

“நான் எங்கன ஒத்துக்கிட்டேன்?”

“அதுக்குத்தானே நீங்க உள்ள போற நேரம் பாத்து எடுத்தோம்.”

தருவைகுளத்தில் கோயில் பங்கை, அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களை, இருபது முப்பது வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு புனிதரின் பெயர் வைத்து அன்பியம் என்கிறார்கள். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பைபிளில் ஒரு பகுதியை வாசித்து, மனதில் பட்டதைச் சொல்லி, தெருவில் யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று பேசி, ஆளுக்கொரு வேலையை ஏற்றுக்கொண்டு கலைவார்கள். தெக்லாவின் தெருவுக்கு புனித யூதா ததேயு அன்பியம். மொத்தம் இருபத்தாறு வீடு. வருவது ஏழெட்டுப் பெண்கள். அதிலும் இருவர் வாசகம் தொடங்கியதும் கண்ணை மூடுவார்கள். தியானமா தூக்கமா என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

தெக்லாவைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை. அவள் குரல் போதும். அவள் கணவன் சந்தியாகு தங்குகடல் படகு வைத்திருந்தார். அவருடைய படகு பத்துப் பதினைந்து நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கும். வீட்டு மொட்டை மாடியில் உயரமாக ஏரியல் நட்டு, முன்னறையில் ஒரு வயர்லெஸ் செட் வைத்திருந்தார்கள். காற்று எப்படி, ஐஸ் எவ்வளவு மிச்சம், என்றைக்குக் கரைக்கு வருகிறார்கள் என்று அதில் கேட்பதும் சொல்வதும் தெக்லாவின் வேலை. செட் பழுதானாலும் அவள் குரல் படகுக்குக் கேட்கும் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

தலைவியான பிறகு நடந்த முதல் கூட்டத்திலேயே பங்குச்சாமி ஃபாதர் கிளிட்டஸ் கேட்டார், “ஏம்மா, உங்க அன்பியத்துல ஆம்பளைங்க ஒருத்தர் கூட வர்றதில்லையே?”

“அவுக கடல்ல கெடக்காவ ஃபாதர். வந்தா ரெண்டு நாளு தூங்குதாவ. தூங்குத மனுசன எழுப்பி ஜெபத்துக்குக் கூப்பிட்டா, வாயில வேற வார்த்தைதான் வருது.”

ஃபாதர் சிரித்தார். “அப்போ ஆள் இருக்கிற இடத்துக்கு நாமதான் போகணும். மறைபரப்புன்னா அதுதானே?”

அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். தெக்லா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, படகுகள் வலை விடுவதற்கு முன்னால் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, ஏழு பெண்களையும் முன்னறையில் உட்கார வைத்து மைக்கைக் கையில் எடுத்தாள். மீன்விலை பேசும் சேனலை விட்டுவிட்டு, யாரும் தொடாத இன்னொன்றுக்கு எல்லாப் படகையும் வரச் சொன்னாள்.

“நம்ம அன்பியக் கூட்டம் தொடங்குது. எல்லாரும் தொப்பிய கழத்துங்க. ஓவர்.”

 இரைச்சலுக்கு நடுவே சந்தியாகுவின் குரல் வந்தது. “ஏளா, ஒனக்கு என்ன ஆச்சி?”

அன்றைய வாசகம், இரவெல்லாம் வலைவீசியும் ஒன்றும் கிடைக்காத பேதுரு, காலையில் இயேசு சொன்னபடி கெனேசரேத்து ஏரியின் ஆழத்தில் வலை போட்டுப் படகு நிறைய மீன் பிடித்த கதை. தெக்லா நிதானமாக வாசித்து முடித்து, யாருக்கு எந்த வார்த்தை மனதில் பட்டது என்று கேட்டாள். செட்டிலிருந்து ஒரு குரல் உடனே வந்தது. “ஆழத்துலன்னா எத்தன பாகம் ஆழத்துல போட்டாவ? அது சொல்லிருக்கா?” இன்னொரு படகுக்காரர், “பகல்ல போட்டு அவ்வளவு மீன்னா அது சாளைதான்,” என்றார். மூன்றாவது ஆள் மறுத்தார். கால் மணி நேரம் கெனேசரேத்து ஏரியில் என்ன மீன் இருந்திருக்கும் என்று வாக்குவாதம் நடந்தது. தூங்கும் இரண்டு பெண்களும் அன்று தூங்கவில்லை.

தெரு முனையில் கடை வைத்திருந்த முத்துக்கனி இரண்டாவது வாரத்திலிருந்து வர ஆரம்பித்தாள். அவள் தம்பி இசக்கிராஜா சந்தியாகுவின் படகில் சமையல். “எனக்கு ஒங்க ஜெபம் தெரியாது அக்கா. அவன் கொரலக் கேட்டுட்டுப் போயிருதேன்,” என்று வாசலில் உட்கார்ந்தாள். நாலாவது வாரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறாவது வாரம், யாருக்காவது வேண்டுதல் உண்டா என்று தெக்லா கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் அவள்தான்.

தொலைவில் இருந்த படகுகளுக்குக் கரையின் குரல் எட்டாது. நடுவில் இருக்கும் படகு கேட்டதை அடுத்த படகுக்கு எடுத்துச் சொல்லும். அதில்தான் வம்பு வந்தது. ஜெயஷீலாவின் எட்டு வயது மகளுக்கு மஞ்சள்காமாலை, எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று தெக்லா சொன்னாள். மூன்று படகு தாண்டிப் போன செய்திக்குப் பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “மஞ்சள் நீராட்டுக்கு எங்க படகு சார்பா வாழ்த்து. எந்த மண்டபம்?”

“எம் புள்ளைக்கு எட்டு வயசு!” என்று ஜெயஷீலா மைக்கைப் பறித்துக் கத்தினாள். அதுவும் மூன்று படகு தாண்டி எப்படிப் போனதோ, எட்டாம் தேதி என்று குறித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வாரம் கரைக்கு வந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளையைப் பார்த்தார்கள். ஒருவர் கீழாநெல்லி கொண்டுவந்தார். ஒருவர் பட்டுப்பாவாடையும் கொண்டுவந்துவிட்டார். ஜெயஷீலா அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஃபாதர் கிளிட்டஸும் ஒருநாள் வந்தார். மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் உருக்கமாகப் பேசினார். பொத்தானை அமுக்கினால்தான் பேச்சு போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நடுவில் நிறுத்தவும் யாருக்கும் மனம் வரவில்லை. “எல்லாரும் அமைதியா கேட்டாங்க பாத்தீங்களா!” என்று மகிழ்ச்சியோடு போனார். தெக்லா அவரை வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்து, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

இத்தனையிலும் ஒரு படகு மட்டும் வாய் திறக்கவில்லை. அது தொம்மையின் படகு. தொம்மை தெக்லாவின் பெரியப்பா மகன், இதே அன்பியம், வீடு எட்டு வீடு தள்ளி. நாலு வருடத்துக்கு முன் திருவிழாவில் சப்பரத்தின் முன்கம்பை யார் தோளில் வைப்பது என்று சந்தியாகுவும் அவரும் மோதிக்கொண்டார்கள். அதோடு பேச்சு நின்றது. தொம்மையின் மனைவி மெற்றில்டா கூட்டத்துக்கு வருவாள். தேநீர் வருவதற்கு முன் எழுந்து போய்விடுவாள்.

மேற்கேயிருந்து கச்சான் காற்று பலமாக அடித்த ஒரு புதன்கிழமை. நாலு மணிக்கு தெக்லா எல்லோரையும் அழைத்தபோது சந்தியாகு பதில் சொல்லவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகு வந்த குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

“தெக்லா, கியர் பாக்ஸ் போச்சி. படகு சும்மா போவுது. காத்தும் நீரோட்டமும் கெழக்க தள்ளுது. நங்கூரமும் நிக்கல. இப்பிடியே போனா எல்லைக் கோட்டத் தாண்டிருவோம்.”

 எல்லைக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. படகு போகும், ஆட்கள் சிறையில் கிடப்பார்கள். முத்துக்கனி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஜெயஷீலா அதிகாரிகளுக்குப் போன் செய்ய ஓடினாள். ஆனால் அவர்கள் புறப்பட்டு வரும்வரை காற்று காத்திருக்காது. பக்கத்தில் யார் என்று தெக்லா ஒவ்வொரு படகாக இடம் கேட்டாள். எல்லோரும் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தார்கள்.

மெற்றில்டாதான் மெதுவாகச் சொன்னாள். “மதினி, எங்க வீட்டுப் படகு அங்கனதான் எங்கயோ கெடக்கு. காலைல எங்க வீட்டு செட்ல சொன்னாவ.”

தெக்லா மூன்று முறை தொம்மையைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அழுகை வரும்போல் இருந்தது. அழுதால் குரல் போய்விடும், குரல் போனால் ஒன்றும் நடக்காது. ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். பிறகு பொத்தானை அமுக்கி, மன்றாட்டு சொல்லும் அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

“எங்க அண்ணன் தொம்மை இந்தக் கூட்டத்த இவ்வளவு நாளும் ஒளிஞ்சிருந்து கேட்டுட்டுதான் இருக்காவன்னு எங்களுக்குத் தெரியாது, ஆனா ஒமக்குத் தெரியும். அவுக செட்ட ஆஃப் பண்ணாம இருக்கணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றார்கள் பெண்கள். முத்துக்கனி எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னாள்.

“சின்ன வயசுல நான் கடல்ல முங்குனப்ப, முடியப் புடிச்சி தூக்குன அண்ணன், இப்பமும் கை நீட்டணும்னு, ஆண்டவரே...” என்றபோது வியர்வையில் அவள் விரல் பொத்தானிலிருந்து வழுக்கியது.

“ஏளா, ஜெபத்த நிப்பாட்டு!” என்று செட் அலறியது. தொம்மை. “நீ கூப்பிடும்போதே எஞ்சின கெளப்ப ஓடிட்டேன். நீ அமுக்குன பொத்தான விட்டாத்தானே நான் பேச முடியும்? ஒம் புருசன கொடி கட்டச் சொல்லு, தூரத்துல தெரியணும்.”

சந்தியாகுவுக்கும் அது நன்றாகக் கேட்டிருக்கும். ஆனாலும் அவர், “கொடி கட்டியாச்சின்னு அவர்ட்ட சொல்லு தெக்லா,” என்றார்.

“கயித்த படகோட முன்னணியத்துல ரெட்டையா போடச் சொல்லு.”

“அது எனக்குத் தெரியும்னு சொல்லு.”

ஒரே கடலில், செட்டில் ஒருவர் குரல் மற்றவருக்கு நேராகவே கேட்ட இரண்டு பேருக்கு நடுவில், நாற்பது மைல் தள்ளிக் கரையில் உட்கார்ந்து தெக்லா ஒன்றரை மணி நேரம் தூது சொன்னாள். கயிறு கட்டி, படகு மேற்கே திரும்பியது என்று கேட்ட பிறகுதான் மைக்கைக் கீழே வைத்தாள்.  மெற்றில்டா எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். சீனி எந்த டப்பாவில் என்று கூடக் கேட்கவில்லை.

பெண்கள் அன்று மாலை பிரிந்து, படகில் இருந்த எட்டுப் பேரின் வீட்டுக்கும் போய்த் தகவல் சொன்னார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு படகும் ஒன்றின்பின் ஒன்றாகக் கரை சேர்ந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போன தெக்லாவுக்கு முதலில் கேட்டது சண்டைச் சத்தம்.

“ஆயில் மாத்தாம எஞ்சின் ஓட்டுதவன் ஒரு டிரைவராலே?”

“மச்சான், நீரு இழுத்த இழுப்புல பாதிக் கயிறு போச்சி. அத மொதல்ல சொல்லும்.”

இருவரும் நேருக்கு நேர், கையை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். தெக்லா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வருடமாக அவள் கேட்காத சத்தம் அது. முத்துக்கனி தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

கியர் பாக்ஸைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது; தொம்மையும் கூட நின்று வேலை பார்த்தார். அதனால் அடுத்த புதன்கிழமை ஆண்கள் இருவரும் கரையில் இருந்தார்கள். கூட்டம் தொம்மையின் வீட்டில் நடந்தது. கடலில் அவ்வளவு பேசுகிறவர்கள் பாயில் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போனார்கள். வாசகத்தில் எந்த வார்த்தை மனதில் பட்டது என்று தெக்லா தொம்மையைக் கேட்டாள். “எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாதும்மா. ஒரு கொரலு கூப்பிட்டுது, போனேன்,” என்றார். 

மாதக் கடைசியில் அன்பியங்களின் அறிக்கைப் படிவம் வந்தது. ‘இம்மாதம் செய்த மறைபரப்புப் பணி’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெக்லா யோசித்தாள். ஜெயஷீலா நீளமாக எழுதச் சொன்னாள். தெக்லா, “ஒரு படகை இழுத்து வந்தோம்,” என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஃபாதரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.