காற்றுக்கு ஒதுங்கியவர்கள்

எங்கள் அந்தோணியார் கோயில் பீடத்தடியில் ஈரம் சொட்டச் சொட்டக் கிடந்த ஒரு சுக்கான் பலகை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அதைத் தோளில் சுமந்துவந்து வைத்தவர் என் மதினி, மூத்த அண்ணனின் மனைவி. இராமேஸ்வரம் தீவில் எங்கள் கரைக்கு ஒரு வழக்கம் இருந்தது. காற்றுக்கு ஒதுங்கிய படகு எந்த ஊருடையதானாலும் அதன் சுக்கானைக் கழற்றிக் கோயிலில் வைத்துவிடுவோம். காற்று அடங்கும்வரை அந்தப் படகையும் ஆளையும் யாரும் தொடக்கூடாது. அது ஆண்டவரின் அடைக்கலம்.

நாடு விடுதலையடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கிழக்கேயிருந்து வீசிய ஒரு கொண்டல் காற்று இலங்கை மீனவர் இருவரைப் படகோடு எங்கள் மணலில் கொண்டுவந்து போட்டது. அக்கரைப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்த அண்ணன் அந்தக் காற்றில் திரும்பவில்லை.

விடிந்ததும் சுங்க அதிகாரி ஒருவர் வந்தார். படகைப் பறிமுதல் செய்யவேண்டும், சுக்கானை எடுங்கள் என்றார். மதினி ஜெபமாலையோடு கோயில் வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார்.

“அவங்க வேற தேசத்து ஆளுங்கம்மா. அனுமதியில்லாம எல்லைக்குள்ள வந்திருக்காங்க.”

“அவுக எங்கய்யா வந்தாக? காத்துல்ல கொண்டாந்து போட்டுச்சு. வேணும்னா அதப் புடிச்சு விலங்கு மாட்டுங்க.”

கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கு முகம் கறுத்தது.

“சட்டம் தெரியாமப் பேசாத. உன்னையும் சேத்து உள்ள தள்ளிருவேன்.”

“தள்ளுங்க. எம் புருசன் இந்நேரம் அந்தக் கரையில ஒதுங்கியிருப்பாரு. அவரு படக அங்கன ஒருத்தன் புடுங்குனா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஞாயம் கேப்பேன்?”

அவர்கள் ஒவ்வொருவராக வந்து மதினி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜெபம் அலைச் சத்தத்துக்கு மேலே எழுந்தது. அதிகாரி போலீசை அழைத்துவரப் போனார். அதற்குள் காற்று அடங்கியது. சுக்கானை மாட்டிப் படகைத் தள்ளிவிட்டோம். மதினியைப் பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் நிறுத்திவைத்து, செய்தது தப்பென்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் சொல்லவேயில்லை; கடைசியில் அப்படியே அனுப்பிவிட்டார்கள்.

புயலுக்கு ஒதுங்கிய படகைக் குற்றவாளியாக நடத்தக்கூடாது, கடலில் தவிப்பவனிடம் எந்த நாடு என்று கேட்கக்கூடாது என்றெல்லாம் சர்வதேசச் சட்டம் இருப்பதாக வக்கீலுக்குப் படிக்கும் என் மகன் சொல்கிறான். இருக்கட்டும், நல்லது. அன்று எங்களுக்குக் கர்த்தரைத் தெரியும், கடலைத் தெரியும், அவ்வளவுதான்.

அண்ணன் வரவே இல்லை. அடுத்த வருடக் கொண்டலிலும் ஓர் இலங்கைப் படகு கரையேறியது. “அந்தக் கரையில உம் புருசனுக்கு எவன் கதவத் தொறந்தான்?” என்று ஒருவர் குத்திக் கேட்டார். வெள்ளைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மதினி தண்ணீரில் இறங்கினார்.

“அவன் தொறக்கலன்னா நானும் பூட்டணுமோ? ஏலே, வந்து ஒரு கை புடி.”