கண்ணாத்தாளைக் கூப்பிடாதீங்க

பூதலூர்ப் பக்கத்தில் நடவென்றால் கண்ணாத்தாளுக்குத்தான் முதலில் சொல்லி அனுப்புவார்கள். வயது அறுபத்தெட்டு. பதினான்கு பெண்கள் சேர்ந்த செட்டுக்கு அவள்தான் தலைவி. நாற்று நடுகிற வேகத்தில் இன்றுவரை ஒருத்தியும் அவளை எட்டியதில்லை, வாயிலும்தான். புருஷன் போய் ஒன்பது வருஷமாகிறது. ஒரே மகன் நெடுமாறனை இந்தச் சேற்றில் நின்றே இன்ஜினியராக்கிச் சென்னைக்கு அனுப்பினாள்.

போன மாதம் வயலில் மயங்கி விழுந்தாள். அன்றைக்குப் பிடித்தது சனியன். தினமும் போன்.

"அம்மா, மெட்ராஸ் வந்துடும்மா. எங்க ஃபிளாட்டுக்கு எதிர்லயே வீடு பாத்துட்டேன்."

"நடவு முடியட்டும்டா."

சாக்கில்லை, நிஜமாகவே சொன்னாள். பேத்தியோடு இருக்க அவளுக்கும் கொள்ளை ஆசை. சம்பா நடவு முடிந்ததும் போய்விடுவதென்று மனசுக்குள் முடிவே செய்திருந்தாள். சொன்னால் அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுவான் என்றுதான் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவனே வந்து இறங்கினான். அம்மாவிடம் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. பிள்ளை திருந்திவிட்டான் என்று இவளும் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள், பாவி.

திங்கட்கிழமை நடவு. பெண்கள் எப்போதும் இவள் வாசலில் கூடித்தான் கிளம்புவார்கள். அன்று ஒருத்தியும் வரவில்லை. தூக்குச்சட்டியோடு வயலுக்கு ஓடினால், மற்ற பதின்மூன்று பேரும் குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவள் இடத்தில் நாகம்மாள்.

"ஏண்டி, நான் செத்துட்டேன்னு சேதி வந்துச்சா?"

நாகம்மாள் நிமிரவே இல்லை. "எங்களை என்னக்கா பண்ணச் சொல்ற? ஒன் மவன்தான் நேத்து வீடு வீடா வந்து கும்பிட்டாரு. அம்மாவ இனிமே வேலைக்குக் கூப்பிடாதீங்க, வேலை இல்லேன்னாதான் என்கூட வருவாங்கன்னு."

கண்ணாத்தாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வந்த வேகத்தில் வீடு திரும்பினாள். மகன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"உன் நல்லதுக்குத்தாம்மா. எத்தனை தடவை கெஞ்சினேன்?"

"எங்கப்பாரு வீரையன் கூலி நெல்லு அரை மரக்கா கூட்டிக் கேட்டாருடா. ஆண்டை அவரை அடிக்கல, வையல. வீரையனை வேலைக்குக் கூப்பிடாதேன்னு தெருவுக்குச் சொல்லி அனுப்பினான், அவ்வளவுதான். மூணு மாசம் ஒருத்தரும் கூப்பிடல. நத்தையும் நண்டும் தின்னு கெடந்தோம். கடைசில எங்கப்பாரு அவன் கால்ல போயி விழுந்தாரு. அந்த வித்தைய ஒனக்கு எவன்டா சொல்லிக் குடுத்தான்?"

நெடுமாறனுக்கு முகம் செத்துப்போனது. இந்தக் கதையை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. அவசரமாகச் செருப்பை மாட்டினான்.

"தப்புதாம்மா. இப்பவே போய் உன்னைச் சேத்துக்கச் சொல்லிடறேன்."

"நில்லுடா. நீ வேணாம்னா நிறுத்துவாளுவ, நீ சொன்னா சேத்துக்குவாளுவ. அப்ப நீதான் இப்ப ஆண்டையா?"

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். சென்னை ஆசையை அந்த இடத்திலேயே அறுத்துப் போட்டுவிட்டு, கண்ணாத்தாள் தனியாக வயலுக்கு நடந்தாள்.